நாலு கம்பி தாண்டிய தக்காளிப் படம்

தக்காளி இலையின் ஓரத்தில் பழுப்புப் புள்ளி விழுந்து அதைச் சுற்றி மஞ்சள் படர்ந்தால், தோட்டக்காரர் இலையைக் கிள்ளித் திருப்பிப் பார்ப்பார். இப்போதெல்லாம் அடுத்த நொடியே மறு கையில் போன் வந்துவிடுகிறது. படம் எடுத்து மருந்துக்கடைக்காரருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுத்தான் மற்ற வேலை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் ஏறக்குறைய நடுவில், 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டியிருக்கும் சூளகிரியில் இது அன்றாடக் காட்சி. தக்காளி, கொத்தமல்லி, புதினா, முட்டைக்கோஸ் என்று இங்கே விளைவதெல்லாம் வெளியூர்களுக்கு வண்டி ஏறுகிறது. சிப்காட் தொழிற்பேட்டை வந்த பிறகு ஒரே வீட்டில் ஒருவர் கம்பெனி பஸ்ஸில் ஷிப்டுக்குப் போகிறார், இன்னொருவர் தோட்டத்தில் நீர் பாய்ச்சுகிறார். இருவரின் போனிலும் படங்கள் குவிகின்றன. இலை, காய், மண்டிச் சீட்டு, விதைப் பாக்கெட், பட்டா, சிட்டா, கல்யாணம், காதுகுத்து எல்லாம் அதில் உண்டு.

வாட்ஸ்அப் வழக்கமாகப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்புகிறது. பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளியின் நடுவிலிருக்கும் வளையங்கள் கலங்கிப்போயிருக்கும். தெளிவான மூலப்படம் போனில் மட்டுமே இருக்கிறது. அந்தப் போன் கிணற்றில் விழுந்தால், பஸ்ஸில் தொலைந்தால், மூன்று வருடப் பயிர்க் கதையும் அதோடு போயிற்று. அதனால்தான் படம் போனை விட்டு வெளியே வர வேண்டும். என் அக்கா மகன் எடுத்த ஒரு தக்காளி இலைப் படம் அப்படி வெளியே வந்தது. போனுக்கும் லினக்ஸ் மடிக்கணினிக்கும் இடையிலான தூரம் ஒரு மீட்டர்தான். ஆனால் அந்த ஒரு மீட்டரில் படம் மாட்டிக்கொள்ள எத்தனை இடம் இருக்கிறது என்பது, கூடவே நடந்து பார்த்தால்தான் விளங்கும்.

படம் பிறந்தது 4000க்கு 3000 புள்ளிகளாக. லென்சுக்குப் பின்னாலிருக்கும் சில்லு ஒவ்வொரு புள்ளியிலும் விழுந்த ஒளியை எண்ணாக மாற்றியது. போனின் செயலி அந்த எண்களைச் சுருக்கி, நான்கு மெகாபைட்டுக்குள் அடங்கும் ஒரு ஜேபெக் கோப்பாக்கியது. எடுத்த நாள், நேரம், இடம் ஆகியவை கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டன. பிறகு அது டிசிஐஎம் என்ற கோப்புறைக்குள் கேமரா என்ற உள்ளறையில் போய் உட்கார்ந்தது. டிஜிட்டல் கேமராக்கள் காலத்திலிருந்து வரும் பெயர் அது. போன்களும் அதையே வைத்துக்கொண்டன.

ஆனால் அந்தக் கோப்புறை நினைவகச் சில்லில் நாம் படிக்கும் வடிவத்தில் இல்லை. மறையாக்கம் செய்யப்பட்டுத்தான் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 10 உடன் வெளிவந்த போன்கள் முதற்கொண்டு இது கட்டாயம். சில்லைக் கழற்றி எடுத்து வேறு இடத்தில் படிக்க முயன்றால் பொருளற்ற எண்கள்தான் கிடைக்கும். போனைத் திறக்கும் ரகசிய எண்ணோடு பிணைந்த திறவுகோல் போனுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே படம் வெளியே போக வேண்டுமென்றால் போனே படித்து, போனே எடுத்துக் கொடுக்க வேண்டும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதிக்கு வேர் இதுதான்.

மடிக்கணினியின் கதையையும் சொல்ல வேண்டும். தமிழ்நாடு அரசு 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், அக்கா மகள் பிளஸ் டூ படித்தபோது வந்தது அது. எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்து கொடுத்த அந்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சென்னை சி-டாக் உருவாக்கி 2007 முதல் வெளியிட்டுவரும் இந்திய லினக்ஸ் அது. டெபியனை அடிப்படையாகக் கொண்டது. கிராமப்புறப் பிள்ளைகள் பலருக்கு லினக்ஸ் என்ற பெயரே அந்தப் பெட்டியில்தான் முதலில் கண்ணில் பட்டது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம். சொல்லிக்கொடுக்க ஆளிருந்திருந்தால் எத்தனையோ பேருக்குக் கை பழகியிருக்கும். வருடங்கள் கழித்து விண்டோஸ் நகர மறுத்தபோது, அதே மடிக்கணினியில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தேன். புதிதுபோல ஓடியது. அவள் தம்பி அதைத் தோட்டத்துக் கணக்குக்கும் படங்களுக்கும் எடுத்துக்கொண்டான்.

போனிலிருக்கும் ஆண்ட்ராய்டின் அடியிலும் லினக்ஸ் கெர்னல்தான் ஓடுகிறது. இரண்டு பக்கமும் லினக்ஸ். ஆனாலும் கேபிளைச் செருகியதும் இப்படித்தான் பேச்சு வந்தது:

"மாமா, சார்ஜ் ஏறுது. ஆனா லேப்டாப்புல போனே தெரியல. லினக்ஸ்ல இதெல்லாம் வராதுன்னு கடையில சொல்றாங்க."

"கேபிள் எதுடா?"

"போனோட வந்தது அறுந்துபோச்சு. இது வெளியில வாங்கினது."

சார்ஜ் ஏறுவதைப் பார்த்துக் கேபிள் சரியாக இருக்கிறது என்று எண்ணிவிடுகிறோம். யுஎஸ்பி 2.0 கேபிளை அறுத்துப் பார்த்தால் உள்ளே நான்கு கம்பிகள் இருக்கும். சிவப்பில் ஐந்து வோல்ட் வருகிறது, கறுப்பு அதைத் திருப்பிக்கொண்டு போகிறது. பச்சையும் வெள்ளையும் தகவலுக்கானவை. ஒன்றோடொன்று முறுக்கி விட்டிருப்பார்கள். சார்ஜுக்கு முதலிரண்டு போதும். விலை மலிவான பல கேபிள்களில் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. வெளியிலிருந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. கேபிள் பாக்கெட்டின் மேல் டேட்டா கம்பி உண்டா இல்லையா என்று கொட்டை எழுத்தில் அச்சிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. தகவல் கம்பி இல்லாத கேபிளைச் செருகிவிட்டு, கணினியில் மென்பொருளை அழித்துப் போட்டு, கடைசியில் லினக்ஸையே அழித்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஐம்பது ரூபாய்க் கேபிளின் குற்றத்துக்கு லினக்ஸ் தண்டனை அனுபவிக்கிறது.

யுஎஸ்பியின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வந்தது. அதற்கு முன்னால் விசைப்பலகைக்கு ஒரு துளை, பிரிண்டருக்கு வேறு துளை, மோடத்துக்கு இன்னொன்று. பரோடாவில் படித்து அமெரிக்காவின் இன்டெல் நிறுவனத்துக்குப் போன அஜய் பட், எல்லாவற்றுக்கும் ஒரே துளை போதும் என்று வாதாடி அதைச் செய்து காட்டிய குழுவில் முன்னின்றவர். அதன் மேல் இன்டெல் உரிமத்தொகை கேட்கவில்லை. அதனால்தான் உலகம் முழுவதும் அது பரவ முடிந்தது. 2000 ஏப்ரலில் வந்த யுஎஸ்பி 2.0 நொடிக்கு 480 மெகாபிட் வேகம் கொடுத்தது. இன்று டைப்-சி துளையோடு வரும் நடுத்தர விலைப் போன்களில் பலவும் உள்ளே இதே 2.0 வேகத்தில்தான் ஓடுகின்றன. துளைக்குள் 24 தொடுமுனைகள் இருந்தாலும் தகவலைக் கடத்துவது நடுவிலிருக்கும் இரண்டு வழித்தடங்கள்தான். தோட்டத்து மண்ணும் சட்டைப்பை நூல்பிசிறும் போய் அடைவதும் அந்தத் துளைக்குள்தான். போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாகச் சுரண்டி எடுத்தால் பல போன்கள் பிழைத்துக்கொள்ளும். ஊசியை மட்டும் உள்ளே விடாதீர்கள்.

கேபிள்தான் காரணமா என்று பார்க்க லினக்ஸில் நல்ல வழி இருக்கிறது. டெர்மினலைத் திறந்து டிமெசேஜ் என்ற கட்டளையைக் கொடுத்தால் கெர்னல் தான் கண்டதையெல்லாம் வரிவரியாகச் சொல்லும். கேபிளைச் செருகிய பிறகு புதிதாக ஒரு வரிகூட வரவில்லையென்றால் தகவல் கம்பி இல்லை, அல்லது துளை அடைத்திருக்கிறது. விவரக்குறிப்பைப் படிக்க முடியவில்லை, பிழை -71 என்று வந்தால் கம்பி இருக்கிறது, ஆனால் பேச்சு பாதியில் உடைகிறது; ஆடும் துளை, நைந்த கேபிள், நடுவில் போட்ட மலிவான ஹப் ஆகியவற்றில் ஒன்று காரணமாக இருக்கும். -110 என்றால் கணினி கேட்டுக் காத்திருந்தும் போன் பதில் சொல்லவில்லை. விண்டோஸ் இதே இடத்தில் ஒரு மஞ்சள் எச்சரிக்கைக் குறியோடு நின்றுவிடும். லினக்ஸ் ஒளிக்காமல் சொல்கிறது, நாம்தான் படிப்பதில்லை.

எங்கள் மடிக்கணினியில் ஒரு வரிகூட வரவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து நல்ல கேபிள் ஒன்றை வாங்கிச் செருகியதும் வரிகள் ஓடின. நடந்தது இதுதான். போன் தகவல் கம்பிகளில் ஒன்றைச் சிறு மின்தடை வழியாக 3.3 வோல்ட்டுக்கு இழுத்துப் பிடித்தது. ஏதோ வந்திருக்கிறது என்று மடிக்கணினி தெரிந்துகொண்டது. இரண்டும் வேகத்தைப் பேசி முடிவு செய்தன. மடிக்கணினி போனுக்கு ஒரு முகவரி எண் கொடுத்து, நீ யார் என்று கேட்டது. போன் 18 பைட்டில் பதில் சொன்னது. அதில் இரண்டு எண்கள் முக்கியம்: ஒன்று தயாரிப்பாளருக்கு, மற்றது பொருளுக்கு. எல்எஸ்-யுஎஸ்பி என்று தட்டினால் இவை திரையில் வரும். எங்களுக்கு 2717 என்று வந்தது. அது ஷாவ்மி நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்ட எண்.

கம்பி சரியாகிவிட்டது. ஆனாலும் கோப்பு மேலாளரில் போன் வரவில்லை.

ஆண்ட்ராய்டு 6.0 முதல் கேபிளைச் செருகியதும் போன் எடுக்கும் நிலை சார்ஜ் மட்டும்தான். விமான நிலையத்திலோ பஸ்ஸிலோ அந்நியத் துளையில் செருகினாலும் உள்ளிருப்பதை யாரும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காக வந்த பாதுகாப்பு அது. போனைத் திறந்து, மேலிருந்து அறிவிப்புத் திரையை இழுத்து, யுஎஸ்பி என்றிருக்கும் வரியைத் தொட்டு, கோப்புப் பரிமாற்றம் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்ந்தெடுத்த அக்கணம் டிமெசேஜில் பார்த்தால் போன் துண்டிக்கப்பட்டு மறுபடி இணைவது தெரியும். பெரும்பாலான போன்களில் இரண்டாவது எண் மாறியிருக்கும். போன் வேறு வேடத்தில் வந்து நிற்கிறது. திரை பூட்டியிருந்தால் கணினியில் போன் தெரியும், திறந்தால் உள்ளே வெறுமை. படமெல்லாம் அழிந்துவிட்டது என்று பதறியவர்களைப் பார்த்திருக்கிறேன். பூட்டைத் திறந்தால் போதும்.

பழைய போன்கள் இப்படி இல்லையே, செருகினால் பென்டிரைவ் போலத் திறந்ததே என்று கேட்பவர்கள் சொல்வது உண்மை. 2008இல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போன் தொடங்கிச் சில வருடங்கள், போனின் எஸ்டி கார்டை அப்படியே கணினியிடம் ஒப்படைக்கும் முறைதான் இருந்தது. யுஎஸ்பி சேமிப்பகம் என்று அதற்குப் பெயர். மண்டிக்காரர் கிடங்குச் சாவியையே வியாபாரி கையில் கொடுத்துவிட்டு வெளியே நிற்பதைப் போன்றது அது. வியாபாரி உள்ளே போய் எந்த மூட்டையை வேண்டுமானாலும் எடுக்கலாம், இடம் மாற்றலாம். அவர் உள்ளே இருக்கும்வரை மண்டிக்காரருக்கே உள்ளே இடமில்லை. சேமிப்பகத்தின் ஒவ்வொரு கட்டத்தையும் கணினி நேரடியாக எழுதும்போது போனும் கூடவே எழுதினால் கோப்பு அமைப்பே சிதைந்துவிடும். அதனால் கணினியோடு இணைத்திருக்கும்போது போனில் பாட்டு நின்றது, கார்டில் வைத்திருந்த செயலிகள் மறைந்தன, கேமரா படமெடுக்க மறுத்தது. முறையாக வெளியேற்றாமல் கேபிளை உருவினால் கார்டு பழுதானது. லாஸ்ட்.டிர் என்ற கோப்புறையில் பெயரிழந்த துண்டுகளாகப் படங்கள் கிடந்ததைப் பழைய போன் வைத்திருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

2011இல் கூகுள் இதை நிறுத்தியது. முதலில் டேப்லெட்டுகளுக்கான ஆண்ட்ராய்டு 3.0, பிறகு அந்த ஆண்டின் இறுதியில் ஆண்ட்ராய்டு 4.0 உடன் வந்த கேலக்ஸி நெக்ஸஸ். செயலிகளுக்கு ஓர் அறை, படங்களுக்கு ஓர் அறை என்று நினைவகத்தைப் பிரித்து வைத்தால் ஒன்று நிறைந்து மற்றது காலியாகக் கிடக்கிறது. இரண்டையும் ஒன்றாக்கினால் அந்த ஒரே சேமிப்பகத்தைக் கணினியிடம் ஒப்படைக்க முடியாது, ஏனென்றால் போன் அதன் மேல்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. கூகுள் பொறியாளர் டான் மோரில் அப்போது கொடுத்த விளக்கத்தின் சாரம் இதுதான். சாவிக்குப் பதில் இனிமேல் கேள்வி பதில். கணினி வேண்டியதைக் கேட்கும், போன் உள்ளே போய் எடுத்துவந்து கொடுக்கும். இதற்குக் கூகுள் தேர்ந்தெடுத்தது எம்டிபி என்ற நெறிமுறை. கேமராக்களுக்காக 2000இல் வந்த பிடிபியை நீட்டி மைக்ரோசாப்ட் உருவாக்கியது. பாட்டுக் கருவிகளுக்காகச் செய்யப்பட்டது, 2008இல் யுஎஸ்பி அமைப்பின் தரநிலைகளில் ஒன்றாகவும் ஆகியிருந்தது. விண்டோஸில் ஏற்கெனவே அதற்கு ஆதரவு இருந்தது. லினக்ஸ் மேசைத்தளங்களில் ஏறக்குறைய இல்லை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தமிழ்நாட்டில் பாஸ் லினக்ஸோடு மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போகத் தொடங்கியது 2011 செப்டம்பர். ஆண்ட்ராய்டு பென்டிரைவ் முறையைக் கைவிட்டதும் அதே ஆண்டு. க்னோம் மேசைத்தளத்தின் கோப்பு அடுக்கான ஜிவிஎஃப்எஸ்ஸில் பிலிப் லாங்டேல் எழுதிய எம்டிபி பகுதி சேர்ந்தது 2013இல். இடைப்பட்ட அந்தக் காலத்தில் புது போனை லினக்ஸில் செருகியவர்கள் பார்த்தது வெறும் திரையைத்தான். லினக்ஸில் போன் வராது என்ற பேச்சுக்கு விதை அங்கேதான் விழுந்தது. விதை போட்ட காரணம் மறைந்து வருடங்கள் பல ஆகியும் பேச்சு மட்டும் கடைக்குக் கடை வளர்ந்துகொண்டிருக்கிறது.

இடைவெளியை அடைத்தவர்கள் தன்னார்வலர்கள். லினக்ஸில் எம்டிபி பேசும் நிரலகத்துக்கு லிப்எம்டிபி என்று பெயர். ஸ்வீடனைச் சேர்ந்த கெர்னல் நிரலாளர் லினஸ் வாலேய் நெடுங்காலம் அதைப் பராமரித்தவர். (லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் வேறு.) போன்களுக்கு முன்பே, பாட்டுக் கருவிகளின் காலத்தில் தொடங்கியது அது, இன்று ஏராளமான போன்களுக்கும் அதில்தான் பதிவு, ஆனால் பட்டியல் கோப்பின் பெயர் இன்னும் மியூசிக்-பிளேயர்ஸ்தான். ஒவ்வொரு வரியிலும் தயாரிப்பாளர் எண், பொருள் எண், அந்தக் கருவியின் கோளாறுகள். அந்தக் கோளாறுகளில் ஒன்றுக்கு ஆண்ட்ராய்டு பக்ஸ் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நெதர்லாந்துக்காரரான ஹான்-வென் நியென்ஹுய்ஸ் எழுதிய கோ-எம்டிபிஎஃப்எஸ் அந்த இடைக்காலத்தில் பலருக்குக் கைகொடுத்தது. இசைக்குறிகளை அச்சிடும் லில்லிபாண்ட் மென்பொருளை உருவாக்கிய இருவரில் ஒருவர் அவர். இவர்கள் யாரும் சம்பளத்துக்காக இந்த வேலைக்கு வந்தவர்கள் அல்ல. தங்கள் போனிலிருந்து தங்கள் படத்தை எடுக்க விரும்பினார்கள். எடுத்த வழியை எல்லோருக்கும் திறந்து வைத்தார்கள். நம் தோட்டத்துப் படம் ஏறிவந்தது அவர்கள் போட்ட பாதையில்.

அந்தப் பாதை இப்படிப் போகிறது. புதிய கருவி வந்ததும் கெர்னல் யுடெவ் என்ற பகுதிக்குச் சொல்கிறது. யுடெவ் கருவியின் எண்களைப் பட்டியலோடு ஒப்பிடுகிறது. பட்டியலில் இல்லையென்றால் எம்டிபி-புரோப் என்ற சிறு நிரல் கருவியையே கேட்டுப் பார்க்கிறது. இது எம்டிபி கருவிதான் என்று உறுதியானால் ஜிவிஎஃப்எஸ் அதைப் பிடித்துக்கொண்டு கோப்பு மேலாளரில் சின்னமாகக் காட்டுகிறது. எங்களுக்குக் கடைசிக் கண்ணி விடுபட்டிருந்தது. பழைய மடிக்கணினிக்கு எடை குறைவாக இருக்கட்டும் என்று நிறுவிய சூழலில் ஜிவிஎஃப்எஸ்-பேக்கெண்ட்ஸ் என்ற தொகுப்பு இல்லை. அதை நிறுவி, வெளியேறி மறுபடி உள்நுழைந்ததும் போன் வந்து நின்றது.

இன்னொரு இடறலையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் இதில் நாள்கணக்கில் மாட்டுகிறார்கள். எம்டிபியில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் போனோடு பேச முடியும். கோப்பு மேலாளர் ஏற்கெனவே பிடித்திருக்கும்போது டெர்மினலில் எம்டிபி-டிடெக்ட் கொடுத்தால், கருவியைத் தொடங்க முடியவில்லை என்று கதறும். போன் கெட்டுவிட்டது என்று பொருளில்லை. கோப்பு மேலாளரில் போனை வெளியேற்றிவிட்டு மறுபடி கேளுங்கள்.

பேச்சு தொடங்கியதும் மடிக்கணினி, எத்தனை சேமிப்பகம் என்று கேட்டது. உள்நினைவகம் ஒன்று என்றது போன். அதிலிருக்கும் பொருள்களின் எண்களைக் கேட்டது. எம்டிபியில் கோப்புகள் பெயரால் அறியப்படுவதில்லை. ஒவ்வொன்றுக்கும் போன் ஓர் எண் கொடுக்கிறது. கேமரா கோப்புறையில் சில ஆயிரம் படங்கள் இருந்தால், ஒவ்வொரு எண்ணுக்கும் பெயர் என்ன, அளவு என்ன என்று தனித்தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. மொத்தமாகக் கேட்கும் வழியும் நெறிமுறையில் உண்டு, ஆனால் ஆண்ட்ராய்டு போன்கள் பல அதற்குத் தவறாகப் பதில் சொன்னதால் லிப்எம்டிபி அதைத் தவிர்க்கிறது. கோப்புறையைத் திறந்ததும் திரை உறைந்து நிற்பதற்கு இதுவே காரணம். அந்த நேரத்தில் கேபிளை உருவி மறுபடி செருகுவதுதான் எல்லோரும் செய்யும் காரியம். எண்ணுதல் முதலிலிருந்து தொடங்கும். ஒரு டீ குடித்துவிட்டு வாருங்கள்.

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் எடுத்த படம் போனில் தெரிந்தும் கணினியில் தெரியாமல் போவதுண்டு. போனின் ஊடகப் பதிவேட்டில் ஏறாத கோப்பை அந்த எம்டிபி காட்டாது. போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் பதிவேடு புதுப்பிக்கப்படும்.

எங்கள் படம் அகப்பட்டது. இழுத்து மடிக்கணினியின் கோப்புறையில் விட்டதும் ஒரு நொடிகூட ஆகவில்லை, வந்துவிட்டது. தம்பி அதைப் போனிலிருந்தபடியே திறந்து வெட்டித் திருத்தப் போனான். தடுத்தேன். எம்டிபி வழியே இருந்த இடத்தில் கோப்பைத் திருத்துவது நம்பத்தக்கதல்ல. முழுக் கோப்பாக எடுக்கவும் முழுக் கோப்பாக வைக்கவும் ஏற்பட்ட முறை அது. வெட்டி ஒட்டுவதையும் நான் செய்வதில்லை. நகல் எடுத்து, எண்ணிக்கையும் அளவும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து, இரண்டொரு படத்தைத் திறந்தும் பார்த்த பிறகே போனிலிருப்பதை நீக்க வேண்டும். இன்னொன்று, நகலெடுத்த கோப்பின் தேதி பெரும்பாலும் நகலெடுத்த நாளாக மாறிவிடும். பயப்பட வேண்டாம், எடுத்த தேதி படத்தின் தலைப்பகுதியில் அப்படியே இருக்கும். எக்ஸிஃப்டூல் என்ற கருவி அதைப் படித்துக் கோப்புகளுக்குத் தேதிப் பெயரிடும். வாரவாரியாக இலைப்புள்ளி எப்படிப் பரவியது என்று வரிசையாகப் பார்க்க அது உதவியது.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எம்டிபி யூனிகோடில்தான் பேசுகிறது, தமிழ்ப் பெயர் சேதமில்லாமல் வரும். ஆனால் லினக்ஸ் கோப்பு அமைப்பில் பெயருக்கு 255 பைட்தான் இடம். தமிழ் எழுத்தின் ஒவ்வொரு யூனிகோடு குறியும் மூன்று பைட் எடுத்துக்கொள்கிறது. கொம்பும் புள்ளியும் தனிக் குறிகள். ஆக 85 குறிகள்தான். கொத்தமல்லி என்ற சொல் மட்டும் பத்து குறிகள், 30 பைட். விண்டோஸிலிருந்து வரும் நீண்ட தமிழ்ப் பெயர்கள் சில இதனால் நகலாக மறுக்கும். பெயரைச் சுருக்கினால் வரும்.

எல்லாம் செய்தும் எம்டிபி அடம்பிடித்தால் போனில் பிடிபி என்பதைத் தேர்ந்தெடுங்கள். போன் கேமராவாக வேடம் போடும். படங்களை மட்டும் காட்டும், அவற்றை ஒழுங்காகக் கொடுக்கும். டெவலப்பர் விருப்பங்களைத் திறக்கத் தயங்காதவர்களுக்கு ஏடிபி புல் இருக்கிறது. ஆயிரக்கணக்கான கோப்புகளை எடுக்க எம்டிபியைவிட உறுதியானது. கம்பியே வேண்டாமென்றால் கேடிஇ கனெக்ட் வைஃபையில் வேலை செய்யும். தோட்டத்து வீட்டில் வைஃபை இல்லையென்றால் போனின் ஹாட்ஸ்பாட்டே போதும், இணைய டேட்டா செலவாகாது.

ஐபோன் வைத்திருப்பவர்களும் இந்தப் பகுதியில் பெருகிவிட்டார்கள். பெருகாமல் எப்படி! ஓசூர்ப் பக்கம் திம்ஜேப்பள்ளியில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் அதன் உடற்கூடு தயாராகிறது; பணியாளர்களில் பெரும்பாலோர் பெண்கள். எல்லை தாண்டினால் கோலார் மாவட்டத்து நரசாபுராவில் ஐபோனை இணைத்து முடிக்கும் ஆலை. தைவானின் விஸ்ட்ரான் நடத்திவந்ததை டாடா வாங்குவதாக 2023 அக்டோபரில் அறிவிப்பு வந்தது. நம் ஊர்ப் பெண்கள் கைபட்ட அந்தப் போன் லினக்ஸோடு எம்டிபி பேசுவதில்லை. படங்களைப் பிடிபியில் கொடுக்கும். மற்றவற்றுக்கு லிப்ஐமொபைல்டிவைஸ் என்ற இன்னொரு தன்னார்வ நிரலகம் வேண்டும். செருகியதும் இந்தக் கணினியை நம்பலாமா என்று போனில் வரும் கேள்விக்குச் சரி சொல்ல வேண்டும். 2013இல் வந்த வழக்கம் அது. 2017க்குப் பின் அதன் கேமரா ஹெய்க் வடிவில் படமெடுக்கிறது, லினக்ஸில் அதைத் திறக்க லிப்ஹெய்ஃப் வேண்டும். 2023இன் ஐபோன் 15இலிருந்து துளை டைப்-சி ஆனது. ஆண்ட்ராய்டு கேபிளே போதும் என்ற அளவுக்கு நன்மை.

போன் உடற்கூட்டைக் கடைந்து மெருகேற்றத் தெரிந்த கைகள் இங்கே இருக்கின்றன. அந்தப் போனுக்குள் தகவல் எப்படி நடக்கிறது என்பதும் இங்கே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஐடிஐயிலும் பாலிடெக்னிக்கிலும் ஒரு பிற்பகல் போதும். நல்ல கேபிள் ஒன்று, தகவல் கம்பி இல்லாத கேபிள் ஒன்று, பழைய போன் ஒன்று, லினக்ஸ் போட்ட பழைய மடிக்கணினி ஒன்று. டிமெசேஜைத் திறந்து வைத்துக்கொண்டு மாணவர்களையே செருகிப் பார்க்கச் சொல்லுங்கள். கம்பி, துளை, கெர்னல், நிரலகம், கோப்பு மேலாளர் என்று ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்துப் பழகியவர் ஆலையில் எந்த இயந்திரம் நின்றாலும் அதே ஒழுங்கில் யோசிப்பார்.

உங்கள் புது போன் லினக்ஸில் தெரியவில்லை, கேபிளும் சரி, போனில் கோப்புப் பரிமாற்றமும் கொடுத்தாயிற்று என்றால், எல்எஸ்-யுஎஸ்பி காட்டும் அந்த ஒரு வரியையும் எம்டிபி-டிடெக்ட் தரும் விவரத்தையும் லிப்எம்டிபி திட்டத்துக்கு அனுப்பி வையுங்கள். போனின் வரிசை எண் அதில் இருந்தால் அதை மட்டும் நீக்கிவிடுங்கள். பட்டியலில் உங்கள் போனுக்கு ஒரு வரி சேரும். அதே போனை அடுத்து வாங்குகிறவருக்கு இந்தத் தொல்லை இருக்காது.